கோழிக்குஞ்சைத் தூக்கியது யார்? ஒரு பருந்து வழக்கு, முழு விவரத்தோடு

புகார் இதுதான்: ஒரு தாய்க்கோழி 11 குஞ்சு பொரித்து, மூன்று வாரம் முடிவதற்குள் அதில் 7 காணோம். போதாததற்கு, மூன்று மாத விடைக்கோழி ஒன்று அன்று காலை வேலியோரம் பாதி தின்ற நிலையில் கிடந்தது. கோழிகளுக்குச் சொந்தக்கார அக்காவுக்கு இது யார் வேலை என்பதில் துளிகூடச் சந்தேகம் இல்லை. "தினமும் பத்து மணி ஆனா வந்துடும் தம்பி. தலைக்கு மேலயே வட்டம் போடும். அதேதான்." அக்கம்பக்கத்திலும் எல்லாரும் அந்தக் 'கழுகை'ப் பார்த்திருக்கிறார்கள். செத்த விடைக்கோழியில் பூச்சிமருந்தைத் தடவி வெட்டவெளியில் போட்டால் ஒரே நாளில் தொல்லை தீர்ந்தது என்று ஒருவர் யோசனை வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்காகவே கோழியைப் புதைக்காமல் ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். விசாரணைக்கு அது வசதியாகப் போயிற்று.

எனக்கு உறுத்தியது ஒரே விஷயம். அது வட்டம் போடுவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். கீழே இறங்கியதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. இரைகொல்லிப் பறவைகள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கிறது. உயரத்தில் சாவகாசமாகச் சுற்றும் பெரிய பறவை எல்லார் கண்ணிலும் படும், பழியும் அதன் தலையில்தான் விழும். நிஜமாகவே தரைக்கு வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும் பறவை கண்ணில் படுவதே ஒன்றிரண்டு நொடிதான்.

மேலே சுற்றியது

சொன்ன மாதிரியே பத்து மணி தாண்டியதும் வந்தது. தரை சூடேறி வெப்பக்காற்று மேலே எழும் நேரம் அது. பெரிய இறக்கைக்காரர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு சிறகை அடிக்காமலேயே உயரத்துக்குப் போவார்கள். நேரம் தவறாமல் வந்ததற்குக் காரணம் சூரியன், கோழிக்குஞ்சு இல்லை.

என்ன பறவை என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது நிறம்: "பழுப்பு". நிறத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். கரும்பருந்து பழுப்பு. செம்பருந்தின் இளம் பறவையும் பழுப்பு. பெண் பூனைப்பருந்துகள் பழுப்பு. கழுகுகளில் பாதி ஏதோ ஒரு வயதில் பழுப்பு. வெயில் மேலிருந்து அடிக்கும்போது அடிப்பக்கம் நிழலில் இருக்கிறது, அப்போது எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். வடிவத்தை அப்படி மறைக்க முடியாது. வால் நுனி எப்படி இருக்கிறது, சுற்றும்போது இறக்கையை எப்படிப் பிடித்திருக்கிறது, தலை எவ்வளவு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, இறக்கை முனையில் விரல் விரலாக எத்தனை இறகு பிரிந்து நிற்கிறது. இந்த நான்கையும் பார்த்துவிட்டால் பெரும்பாலான சந்தேகம் தீர்ந்துவிடும். பைனாகுலரைக் கீழே வைப்பதற்கு முன்பே எழுதியும் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் புத்தகத்தைத் திறந்த பிறகு படத்தில் இருப்பதையெல்லாம் நாம் பார்த்ததாகவே தோன்ற ஆரம்பிக்கும்.

முதலில் வால். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் வெட்டினாற்போல உள்வாங்கியிருக்கும், பறக்கும்போது அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். இந்தப் பறவையின் வால் நீளம், நுனி வளைவு, திருப்பலும் இல்லை. கரும்பருந்து அடிபட்டது. அடுத்து இறக்கை. பூனைப்பருந்துகள் வயலை ஒட்டித் தாழப் பறக்கும், மிதக்கும்போது இரண்டு இறக்கையும் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். இது உயரத்தில், இறக்கையைத் தட்டையாக விரித்துச் சுற்றியது. காலில் இறகு மூடிய சிறு கழுகு ஒன்று குளிர்காலத்தில் வரும், அதற்கு இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் முன்பக்கம் இரண்டு வெள்ளைப் பொட்டு தெரியும். இதற்கு அது இல்லை. மிஞ்சியது இரண்டு வாய்ப்பு: குடுமி வைத்த ராஜாளி வகைகளில் ஒன்று, இல்லையென்றால் தேன் பருந்து.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். தேன் பருந்தின் உடல் நிறம் ஆளுக்கு ஆள் மாறும். வெளிர், செம்பழுப்பு, கருப்பழுப்பு என்று எல்லா மாதிரியும் உண்டு, சிலது ராஜாளியின் வரிக்கோடுகளை அப்படியே உடுத்திக்கொண்டிருக்கும். ராஜாளி என்றால் கோழிக்குஞ்சென்ன, கோழியையே அடிக்கக்கூடிய பறவை. ஆகவே இந்த ஒரு கேள்வியில்தான் அந்தப் பறவையின் தலையெழுத்தே இருந்தது. பைனாகுலரில் தலையைப் பார்த்தேன்: சின்னத் தலை, புறாவினுடையது மாதிரி, நீளமான கழுத்தோடு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. இறக்கை முனையில் ஆறு விரல். வாலில் அகலமான இரண்டு கரும்பட்டை, நடுவில் வெளிறிய இடைவெளி. தேன் பருந்து, அதிலும் ஆண்.

தேன் பருந்தின் முகத்தில் மீன் செதில்போலச் சின்னச் சின்ன இறகுகள் நெருக்கமாக மூடியிருக்கும். தேனீ, குளவி கொட்டுவதிலிருந்து முகத்துக்கு அதுதான் காப்பு. கால் நகங்களும் மற்ற பருந்துகளுடையதைப் போல அவ்வளவு வளைந்தவை அல்ல, கூட்டைக் கிளறத் தோதானவை. முக்கிய உணவு தேனடையில் இருக்கும் புழு. தோட்டத்தின் மறுகோடியில் ஒரு பெரிய மரத்தில் மலைத்தேனீ அடை தொங்கிக்கொண்டிருந்தது, கீழே பிய்த்துப்போட்ட அடைத் துண்டுகள் கிடந்தன. அது தினமும் எதற்கு வருகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். தேன் பருந்து தலைக்கு மேல் வந்தபோது தாய்க்கோழி ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்துவிட்டு, மறுபடி குப்பையைக் கிளறப் போய்விட்டது. 1937-இல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லோரென்ஸும் டின்பெர்கனும் ஒரு அட்டை உருவத்தைப் பறவைகளின் தலைக்கு மேல் நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு திசையில் போனால் குட்டைக் கழுத்துப் பருந்து, எதிர்த்திசையில் போனால் நீண்ட கழுத்து வாத்து. பருந்தாகப் போகும்போதுதான் பயந்தன என்றார்கள். பிறகு செய்த சோதனைகளில், உருவத்தைவிடப் பழக்கம்தான் பெரிய காரணம் என்று தெரியவந்தது. அடிக்கடி பார்த்து ஆபத்தில்லை என்று பழகியதைப் பறவைகள் கண்டுகொள்வதில்லை, அபூர்வமாக வருவதற்குத்தான் பதறுகின்றன. கோழி சும்மா இருந்ததால் மட்டும் பருந்து நிரபராதி என்று ஆகிவிடாது. ஆனால் கோழிக்குப் பழகிய முகம் அது என்பது தெரிந்தது.

சாக்கில் இருந்தது

அடுத்து விடைக்கோழி. இறகைப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும் என்று சொல்வது மிகையில்லை. பருந்து, வைரி, வல்லூறு மாதிரி இரைகொல்லிப் பறவைகள் எல்லாம் இறகை அலகால் கவ்விப் பிடுங்கும், அதனால் இறகு அடித்தண்டோடு முழுசாக வரும். தண்டில் அலகு அழுத்திய மடிப்பும் சில சமயம் தெரியும். பாலூட்டிகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது, பல்லால் கடித்து வெட்டிவிடும். இந்தக் கோழியின் இறக்கை இறகுகள் அடியில் கத்தரித்த மாதிரி துண்டாகி, எச்சில் காய்ந்து கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்தன. தலை இல்லை.

சரி, பறவை கொன்று போட்டதை நாயோ பூனையோ பிறகு வந்து மென்றிருக்கலாமே? நியாயமான கேள்வி. அதற்காகக் கழுத்துப் பக்கத் தோலை ஒரு குச்சியால் விலக்கிப் பார்த்தேன். பல் பதிந்த ஓட்டைகளைச் சுற்றித் தோலுக்கு அடியில் இரத்தம் பரவி உறைந்திருந்தது. உயிர் இருக்கும்போது கடித்தால்தான் அப்படிக் கன்றும். செத்த பிறகு கடித்தால் ஓட்டை மட்டும் இருக்கும், சுற்றி ஒன்றும் இருக்காது. ஆகவே கடித்ததும் கொன்றதும் ஒரே ஆள்.

எந்த ஆள் என்பதைத் தண்ணீர்த் தொட்டியடிச் சேறு சொல்லிவிட்டது. பூனையின் தடத்தில் நான்கு விரல், நகம் பதியாது. நாய்க்கு நான்கு விரல், நகம் பதியும். அங்கே இருந்த சின்னத் தடத்தில் ஐந்து விரல், ஒவ்வொன்றின் முன்னாலும் நகக்குறி. கீரி. கூட்டின் பின்பக்கம் பலகை உளுத்துப்போய் ஒரு இடைவெளி இருந்தது, அதில் கீரி தாராளமாக நுழையும்.

ஆக, மருந்து தடவ எடுத்து வைத்த கோழியைப் பருந்து தொட்டதே இல்லை.

சத்தம்

குஞ்சுகள் விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை, ஏனென்றால் உடலே கிடையாது. அதனால் அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: குஞ்சு காணாமல் போன நாட்களில் தாய்க்கோழி எப்படிக் கத்தியது? விடைக்கோழி செத்த காலையில் மற்ற கோழிகள் விடாமல் 'கொக்-கொக்-கொக்' என்று ரொம்ப நேரம் அலறின என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். குஞ்சு போன நாட்களில் அப்படி இல்லையாம். "ஒரே ஒரு தடவை இழுத்துக் கத்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல. குஞ்செல்லாம் செடிக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு."

இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது கஷ்டம். வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கும் தரையில் வரும் ஆபத்துக்கும் கோழிகளிடம் தனித்தனிக் குரல் இருக்கிறது. 1993-இல் கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் மூவரும் இதைச் சோதித்து வெளியிட்டார்கள்: சேவல்களுக்குத் தலைக்கு மேல் ஒரு திரையில் பருந்தையும் பக்கவாட்டில் ஒரு திரையில் தரைவிலங்கையும் காட்டியபோது இரண்டுக்கும் வேறு வேறு குரல் வந்தது. படம் எதையும் காட்டாமல் குரலை மட்டும் பெட்டைகளுக்குப் போட்டுக்காட்டியபோது, வானக்குரலுக்கு மறைவிடம் தேடி ஓடிப் பதுங்கி மேலே பார்த்தன, தரைக்குரலுக்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றும்முற்றும் பார்த்தன. அக்கா விவரித்தது அச்சு அசல் இதுதான். விடைக்கோழிக்குத் தரைக்குரல், குஞ்சுகளுக்கு வானக்குரல். இரண்டும் வேறு வேறு வழக்கு, அதுவரை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

வேலியோரம் வந்தது

நேரில் பார்த்த ஒரே ஆள் அந்த வீட்டுப் பையன். பெரியவர்கள் அவனைக் கேட்கவே இல்லை. "மேலருந்து வரல, அப்படியே வேலி ஓரமா வந்துச்சு, படபடன்னு அடிச்சு அப்புறம் சும்மா வழுக்கிட்டு" என்று கையால் காட்டினான். அளவு? புறா அளவுதானாம். கண்? "ரத்தச் செவப்பு."

கரும்பருந்து இப்படி வராது. அது திறந்த வெளியில் மேலிருந்து சரிந்து வந்து, தரையில் உட்காராமலேயே காலால் பொறுக்கிக்கொண்டு போய்விடும், பறந்துகொண்டே தின்னவும் செய்யும். வேலிக்கும் மரத்துக்கும் நடுவில் தாழப் புகுந்து வருவதற்குக் குட்டையான வட்ட இறக்கையும், சட்டென்று திரும்ப நீளமான வாலும் வேண்டும். நாலைந்து படபடப்பு, ஒரு வழுக்கல், மறுபடி படபடப்பு. வைரி என்ற சின்ன இரைகொல்லிப் பறவையின் நடை அதுதான். வளர்ந்த ஆணின் கண் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு. இளம் வைரிக்கு முதுகு பழுப்பு, நெஞ்சில் நீளவாக்கில் கோடும் சொட்டும். பெரியதற்கு முதுகு சாம்பல், நெஞ்சில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குவரி.

பையன் உற்சாகமாகி "அதோ, அதுதான்" என்று ஒரு கிளையைக் காட்டினான். சாம்பல் முதுகு, வரிபோட்ட வால், தவிட்டுக்குருவிகள் சுற்றி நின்று கூச்சல். எல்லாம் பொருந்தியது, அலகைத் தவிர. அலகு கொக்கியாக வளையவில்லை, மெல்லியதாக நேராக இருந்தது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அக்காக்குயில். வைரியைப் போலவே பறக்கும், வைரியைப் போலவே கிளைக்கு ஏறி உட்காரும், தவிட்டுக்குருவி கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் போகும் குயில் வகை. சின்னப் பறவைகளே ஏமாறும்போது பையனைக் குறை சொல்ல முடியாது. அலகையும் காலையும் பாருங்கள், இந்த ஒரு குழப்பம் எப்போதும் வராது. குரலை நம்புவதிலும் சிக்கல் உண்டு. வைரியின் 'கீ-வீ, கீ-வீ'யைக் கரிச்சான் அப்படியே ஒப்பிக்கும்.

உண்மையான தடயம் வேலிக்கு அந்தப்புறம் ஒரு வேப்பமரத்தின் கீழ் இருந்தது. தடித்த கிளை ஒன்று தரைக்கு இணையாக நீண்டிருந்தது, அதன் அடியில் அணில் வால் ஒன்று, ஓணானின் பின்னங்கால், ஏதோ குருவியின் இறகுகள், நடுவில் கோழிக்குஞ்சின் பஞ்சு மயிர். கறுப்புப் பஞ்சு ஒரு கொத்து, வெளிர்பழுப்புப் பஞ்சு ஒரு கொத்து. கூடவே அப்போதுதான் முளைத்த குட்டி இறக்கை இறகுகள், அடித்தண்டோடு முழுசாக. எச்சம் கிளைக்கு நேர் கீழே சொட்டாக இல்லாமல், தள்ளிப்போய் வெள்ளைக் கோடாகத் தெறித்திருந்தது. வைரி இனத்துக்கு வாலைத் தூக்கிப் பீய்ச்சும் பழக்கம், வல்லூறுகளுக்கு நேராகக் கீழே விழும். விரல் கணு அளவு ஒரு உமிழ்வுருண்டையும் (செரிக்காததைப் பறவை வாய்வழியே கக்கும் உருண்டை) கிடைத்தது. உதிர்த்துப் பார்த்தால் மயிரும் இறகும்தான், எலும்பு ஏறக்குறைய இல்லை. ஆந்தையாக இருந்தால் அதில் எலும்பு முழுசு முழுசாகக் கிடக்கும், ஏனென்றால் பகல் வேட்டைக்காரர்களின் வயிற்று அமிலம் எலும்பைக் கரைக்கும் அளவுக்கு ஆந்தைக்குக் கரைக்காது.

மேலே நிமிர்ந்து தேடியதில் கவட்டையில் காக்கைக்கூடு மாதிரி ஒரு சுள்ளிக்கூடு, விளிம்புக்கு வெளியே வரிபோட்ட வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பெண் அடைகாக்கும் காலத்தில் இரை கொண்டுவருவது ஆண். பையன் பார்த்த சிவப்புக் கண் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இரைகொல்லிகளில் ஆண்தான் சிறியது; புறாவைவிட எடை குறைந்த அந்த ஆணால் பெரிய கோழியைத் தொடக்கூட முடியாது, ஆனால் 50 கிராம்கூட வராத குஞ்சு அதற்கு அணிலைவிட இலேசு.

கணக்கு

7 குஞ்சையும் வைரி தலையில் கட்டிவிட ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் தடயம் அவ்வளவு சொல்லவில்லை. இரண்டு நிறப் பஞ்சு இருந்ததால் இரண்டு உறுதி. பையன் பார்த்த இரண்டு தடவையில் ஒன்று அந்தக் கறுப்புக் குஞ்சு. இன்னொன்று தவிட்டு நிறக் குஞ்சு, அந்த நிறப் பஞ்சு மரத்தடியில் இல்லை. ஆகவே மூன்றாவது அநேகமாக. துருவித் துருவிக் கேட்டதில், முதல் வாரத்திலேயே ஒரு குஞ்சு சோர்ந்து செத்துப் போனதும், அதையும் சேர்த்தே ஏழு என்று எண்ணியதும் தெரிந்தது. மீதி மூன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. கரும்பருந்தாக இருக்கலாம், அது வந்தால் தடயமே விடாது. காக்கையாகவும் இருக்கலாம். கீரியும் குஞ்சை விட்டுவைக்கும் ஆள் இல்லை, ஆனால் அந்த நாட்களில் தரைக்குரல் கேட்கவில்லை என்று அக்கா உறுதியாகச் சொன்னார்.

மருந்து யோசனையைப் பற்றி நான் சொன்னது நேரடியான கணக்குதான். வைரி உயிரோடு ஓடுவதைப் பிடிக்கிற பறவை, கிடக்கிற பிணத்துக்கு அது இறங்காது. தேன் பருந்துக்கு அடைப்புழு போதும். மருந்துக்கோழியைத் தின்னப் போவது காக்கை, கரும்பருந்து, தெருநாய், அப்புறம் அவை செத்த பிறகு அவற்றைத் தின்ன வருவது. குற்றம் உறுதியான பறவை இந்தப் பட்டியலில் இல்லை. போதாததற்கு, அது பையன் விளையாடும் இடம். அக்கா கடைசி வாக்கியத்துக்குத்தான் அசைந்தார் என்று நினைக்கிறேன். சாக்கோடு அன்று மாலையே குழி தோண்டிப் புதைத்தாயிற்று.

வைரியின் கூட்டைக் கலைக்கலாமா என்று கேட்டார்கள். கலைத்தால் பக்கத்து மரத்தில் கட்டும், வேட்டை நிற்காது. மிச்சமிருந்த 4 குஞ்சையும் தாயோடு பஞ்சாரத்துக்குள் போட்டு, தீனியையும் தண்ணீரையும் திறந்த முற்றத்திலிருந்து அடர்ந்த செடி ஓரத்துக்கு மாற்றினார்கள். வெளியே விடும்போது யாராவது பக்கத்தில் இருந்தார்கள். கோழிக்கூட்டின் பின்பக்கத்துக்குச் சின்னக் கண்ணுள்ள கம்பிவலை, அடியில் மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கி அடித்தது, ஏனென்றால் கீரி தோண்டும்.

அந்த 4 குஞ்சும் பெரிதாகிவிட்டன. வைரிக் குஞ்சுகளும் பறந்துவிட்டன, வேப்பமரத்தடியில் அதற்குப் பிறகு அணில் வாலும் ஓணானும்தான் கிடந்தன. தேன் பருந்து அடை காலியானதும் வருவதை நிறுத்திவிட்டது. 'மருந்து வைக்காமலேயே பயந்து ஓடிப்போச்சு' என்று யோசனை சொன்ன ஆள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தால், எந்தக் குஞ்சு எந்த நாள் எந்த நேரத்தில் காணாமல் போனது, கோழி எப்படிக் கத்தியது என்று காலண்டரில் குறித்து வைக்கும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன். விடை தெரியாத அந்த மூன்று கரும்பருந்தின் வேலையா இல்லையா என்பது அப்போது தெரிய வாய்ப்பிருக்கிறது.